மூளைக்கும் நோன்பு

தான் நோன்பு பிடிப்பது போதாதென்று தன் மூளைக்கும் நோன்பு பிடிக்க வைத்த மனிதர், கல்முனைக் கரையிலே எங்கள் பம்புக் காக்கா ஒருவர்தான். ஊருக்கெல்லாம் அண்ணன், அதனால் காக்கா; வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்பு திருத்துவது அவருக்குத் தொழில். ஊராரைக் குறை சொல்வது பொழுதுபோக்கு. மாப்பிள்ளை நடக்கிற நடை, பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் இருமுகிற இருமல், என் பொஞ்சாதி அவிக்கிற புட்டு, ஒன்றும் தப்பாது.

அவருடைய பொஞ்சாதி மவுத்தாகி, அடக்கம் முடிந்த பிறகு அந்த வாய் மூடிக்கொண்டது. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தே கிடந்தார். ஆஸ்பத்திரியில் மனச்சோர்வுக்குக் குளிசை கொடுத்தார்கள். அல்லாஹ்வின் கிருபை, கொஞ்சக் காலத்தில் எங்கள் வீட்டுப் புட்டை மறுபடியும் கருங்கல் என்றார்.

அதோடு விட்டாரா? கட்டாரிலிருந்து மருமகன் அனுப்பிய ஞாபகசக்திக் குளிசையையும் விழுங்கினார். முதல் கிழமை ஏழு நாளும், எந்தக் கலியாணத்தில் யார் கோபித்துச் சாப்பிடாமல் போனார்கள் என்பதெல்லாம் நினைவுக்கு வர, அவரும் அதை ஊரெல்லாம் சொல்லித் திரிய, சமாதானமாகியிருந்த குடும்பங்கள் திரும்பவும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அடுத்த கிழமையே, கழற்றிய பம்பை யார் வயலில் வைத்தாரென்று அவருக்கே தெரியவில்லை.

"மூளைக்குப் பழகிட்டுடா தம்பி," என்றார். "மண்டைக்குள்ள மருந்தை உள்ள எடுக்கிற வாசலெல்லாம் அலுத்துப்போச்சி. பகல் முழுக்கக் குடியாம இருந்து, நோன்பு திறக்கக்குள்ள ஒரு பிளேன்டீ குடிச்சா எப்படி இரிக்கி? மண்டைக்குள்ள லைட் எரியிதில்லயா? அதுதான், மூளையும் நோன்பு பிடிக்கட்டும்!"

"காக்கா, டொக்டர்ட்டக் கேட்டீங்களா?"

"பம்பு திருத்த நான் ஆருட்டடா கேட்டன்?"

நோன்புத் தலைப்பிறை கண்டதும் எல்லாக் குளிசையையும் நிறுத்தினார். பகலுக்கும் இல்லை, இரவுக்கும் இல்லை. சில நாளில் தலை சுற்றியது. மண்டைக்குள் கரண்ட் அடிக்கிறது என்றார். பிறகு அதையும் சொல்வதில்லை. நோன்புக் கஞ்சி கொண்டுபோனேன். என் பொஞ்சாதி உப்புப் போட மறந்த கஞ்சி. ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்து முடித்தார்.

மறுநாளே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். டொக்டரம்மா பக்கத்து ஊர் பாண்டிருப்புப் பிள்ளை; காக்காவின் பிளேன்டீக் கதையை முழுக்கச் சொன்னேன்.

"ஐயா, இது தேத்தண்ணி மாதிரி இல்ல. நீங்க சுகமா இருந்ததே குளிசை வேலை செஞ்சதாலதான். திடீரெண்டு விட்டா மூளை தடுமாறும். விடுறதெண்டாலும் நான் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடோணும். விடிய முன்னம் சஹர் சாப்பாட்டோட ஒண்டு போடுங்க, நோன்புக்கு இடைஞ்சல் இல்ல. மற்ற, அந்தக் கட்டார்க் குளிசை வேண்டவே வேணாம்."

மிச்ச நோன்பெல்லாம் சஹருக்கு நானே போய், அவர் விழுங்கும்வரை பார்த்திருந்தேன். அல்லாஹ்விடம் துஆவும் கேட்டேன். குளிசை இறங்கியது, பேச்சு ஏறவில்லை.

பெருநாள் தொழுகை முடிந்து எல்லாரும் கட்டித் தழுவும்போது என்னையும் அணைத்தார். சட்டென்று மூக்கைச் சுளித்தார்.

"என்னடா இது அத்தர்? ஆட்டுப்பட்டி மாதிரி நாறுது!"

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.