வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பொத்தானை அமுக்கிவிடு

அழகும் அறிவும் ஒருங்கே வாய்த்த (அறிவு என் பக்கத்திலிருந்து வந்தது) என் அக்காள் மகளுக்கு, உன் தாய்மாமன் செவ்வாய்க்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன். இங்கே நான் சௌக்கியம், உன் அத்தை சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் தனி அபிப்பிராயம் வைத்திருக்கிறது. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் சொன்னால் "ஒரு நிமிஷம் மாமா, அப்ப அது எப்படி?" என்று உன் அம்மா மாதிரியே நடுவில் புகுந்து கேட்பாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். மூத்தோர் ஒதுக்கீட்டில் எனக்குப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இடம் வாங்கிக் கொடுத்தது நீ. விண்ணப்பத்தை நிரப்பியது நீ. அதன் கடவுச்சொல்லும் உன்னிடம்தான் இருக்கிறது. அந்தக் கணக்குக்குள் போனால் கடைசியில் 'படிப்பிலிருந்து விலகுகிறேன்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதாம். வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அதை அமுக்கிவிட்டால், நான் அங்கே சேர்ந்ததற்கே அடையாளம் இல்லாமல் போய்விடுமாம். ஐந்து அடித்து ஒரு நிமிஷம் ஆனாலும் ஏட்டில் ஏறிவிடுமாம். நீதானே சேர்த்துவிட்டாய், நீயே விலக்கிவிடு, கண்ணு. காரணம் கேட்டால் முழங்கால் என்று போடு. அதோடு, 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்ற இடத்திலும் உன் எண்ணைத்தான் போட்டிருக்கிறாய். அலுவலகத்திலிருந்து யாராவது கூப்பிட்டு லிப்ட், பியூஸ் என்று ஏதாவது கேட்டால், மாமா உயர்ந்த மனிதர் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு.

பயந்து ஓடுகிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஐந்து வாரத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தையே ஒரு உலுக்கு உலுக்கியவன் நான். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததுமே வாசல் காவலர் எழுந்து நின்றார். என் கையில் இருந்தது இருபத்தொன்பது வருஷம் நான் லிப்ட் ரிப்பேருக்குத் தூக்கிய தோல் பை. உள்ளே இருந்தது என்னவோ ரெண்டு நோட்டும் பேனாவும் ஒரு டெஸ்டரும்தான். (டெஸ்டர் இல்லாமல் நான் கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை, உன் அத்தையைக் கேள்.) அவர், "வாங்கண்ணே, லிப்ட் வலது பக்கம். ரெண்டு வாரமா கடகடன்னு சத்தம் போடுது, இப்பத்தான் உங்க கம்பெனிக்குக் கண்ணு தெரிஞ்சுதா?" என்றார். நான் மாணவன் என்றேன். "சரிண்ணே, சீக்கிரம் முடிங்க" என்றார். அடையாள அட்டையைக் காட்டினேன். அட்டையில் இருக்கிற படத்திலும் நான் கம்பெனித் தொப்பிதான் போட்டிருக்கிறேன். நீதான் அந்தப் படத்தை ஏற்றினாய். அன்றிலிருந்து நூலகத்தில், உணவகத்தில், கழிப்பறை வாசலில், எங்கே நான் நின்றாலும் யாராவது ஒருவர் என்னை அன்போடு லிப்ட் பக்கம் திருப்பிவிடுகிறார்கள்.

வகுப்பு நாலாம் மாடியில். கவனிப்பாரில்லாத லிப்டில் நான் ஏற மாட்டேன், அது தொழில் மரியாதை, ஆகவே படிக்கட்டு. முழங்காலோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டு மேலே போய்ச் சேர்வதற்குள் வகுப்பு பாதி ஓடியிருக்கும். அறுபது பிள்ளைகள், எல்லாருக்கும் பதினெட்டு வயது. முன் வரிசையில் உட்கார்ந்தேன். கழுத்தில் எப்போதும் ஹெட்போன் மாட்டியிருக்கிற ஒரு பெண் பக்கத்தில். அதற்கு நான் வைத்த பெயரும் ஹெட்போன்தான். முதல் கேள்வியே, "அங்கிள், நீங்க யாரையாவது கூட்டிட்டுப் போக வந்திருக்கீங்களா?" நான் படிக்க வந்திருக்கிறேன் என்றதும், "சூப்பர் அங்கிள், அப்ப நோட்ஸ் நீங்க எடுங்க" என்று தூங்கிப்போனது. அந்த ஒரு வாக்கியத்தில் என் தகுதியை அது எப்படி எடை போட்டுவிட்டது பார்.

டீச்சரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். இரண்டாவது வாரமே அறுபது பேரில் என்னை மட்டும் தனியாக அழைத்துப் பேசினார். "வகைக்கெழு எல்லாம் படிச்சிருக்கீங்களாய்யா?" என்று கேட்டார். "பார்த்திருக்கேன் மேடம்" என்றேன். அதற்குமேல் அவருக்குக் கேள்வி கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆனால் கண்ணு, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? நோட்டு நிறைய எழுதுகிறேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் அது வேறு யாரோ எழுதிய மாதிரி இருக்கிறது. ஒரு பக்கத்தை நாலு தடவை படித்தால் ஐந்தாவது தடவை இன்னும் குழப்பமாக இருக்கிறது. உன் அத்தை வேறு, "என்னங்க, வீட்டுப் பாடம் முடிச்சாச்சா, இல்ல உங்க டீச்சருக்கு நான் லெட்டர் குடுத்து அனுப்பணுமா?" என்கிறாள். விலகப் போகிறேன் என்று ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தேன். "இருபத்தொன்பது வருஷம் எல்லா மாடிக்கும் போனீங்க. ஒரு மாடியிலயாவது இறங்கி உள்ள என்ன நடக்குதுன்னு பார்த்தீங்களா? இப்பப் போய்ப் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். இப்படி ஒரு பேச்சைப் பேசிவிட்டுத் துணி மடிக்கப் போகலாமா?

நேற்று, திங்கட்கிழமை, முதல் பரீட்சை. பத்து மணிக்கு. நான் எட்டு மணிக்கே போய்விட்டேன். கை நடுங்கவில்லை, சும்மா அசைந்துகொண்டிருந்தது. ஒன்பதே முக்கால் வரை கீழ்த்தளத்தில் உலாவினேன். இந்த இடத்தில் என் தொழிலின் முதல் பாடத்தை உனக்குச் சொல்ல வேண்டும். லிப்டில் கை வைப்பதற்கு முன்னால் மெக்கானிக் பியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அவன் வேலை செய்யும்போது வேறு எவனும் கரண்டைப் போட்டுவிடக் கூடாது பார். அதற்கும் முன்னால் இன்னொன்று: கதவைத் தட்டி, "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும். இருபத்தொன்பது வருஷத்தில் என் கையால் ஒரு ஆத்மா லிப்டில் மாட்டியதில்லை. அதற்காகக் கம்பெனி எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது, நீ பார்த்திருக்கிறாய், பத்து நிமிஷம் பின்னால் ஓடும்.

பத்து மணிக்குப் பரீட்சை அறையில் முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறோம். டீச்சரம்மா வரவில்லை. பத்தே கால், பத்தரை, ஆளைக் காணோம். பரீட்சையே நடக்காமல் போய்விடும் போலிருக்கிறதே என்று எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. அப்போது ஒரு பையன் ஓடி வந்து, "மேடம் லிப்டுல மாட்டிக்கிட்டாங்க! கொஸ்டின் பேப்பரும் அவங்ககிட்டதான் இருக்கு! மெக்கானிக் வர ரெண்டு மணி நேரம் ஆகுமாம்!" என்றான். நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று நீ பார்த்திருக்க வேண்டும். ஆயிரம் பேர் என் பின்னால் வந்தார்கள். மூன்றாம் மாடிக் கதவின் இடுக்கில் வாயை வைத்து, "டீச்சரம்மா, நான்தான், முன் வரிசை" என்றேன்.

உள்ளிருந்து மெலிதாக, "ஐயா, இது அறுந்து விழுந்துடுமா?" என்று குரல் வந்தது.

"விழாது மேடம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"கம்பி ஒண்ணு இல்ல மேடம், நாலு. நாலும் அறுந்தாலும் அடியில ஒரு கவ்வி இருக்கு, அது ரெண்டு பக்கமும் தண்டவாளத்தைக் கவ்விக்கும். நீங்க பாட்டுக்குத் தரையில உக்காருங்க. அழறதுன்னா அழுங்க, வெளியில யாருக்கும் கேக்காது."

"நான் அழலை."

"தெரியும் மேடம். சும்மா சொன்னேன்."

கீழே இறங்கினேன். மின்பெட்டிக்குப் பூட்டு கிடையாது, ஒரு கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். திறந்து பார்த்தால் பியூஸ் இல்லை! எவனோ ஒரு படுபாவி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்காமல், பிடுங்கிக்கொண்டு போய்விட்டிருக்கிறான். அவனெல்லாம் மெக்கானிக்கா? அவனைக் கைகழுவி வேறு வேலைக்கு அனுப்ப வேண்டாமா? நல்ல வேளையாக என்னிடம் ஒரு பியூஸ் இருந்தது. மாட்டினேன். லிப்ட் சாதுவாக இறங்கி வந்தது. கைதட்டலில் கட்டடம் அதிர்ந்தது.

பிறகு பரீட்சையும் நடந்தது, அதைப் பற்றிப் பேச வேண்டாம். சாயங்காலம் அலுவலகச் சுவரில் ஒரு அறிவிப்பு: பியூஸை அகற்றியவர் தாமே முன்வந்து தெரிவிக்க வேண்டும், இல்லையேல் விசாரணை. இது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம். ஆனால் இப்படிப்பட்ட ஒழுங்கில்லாத இடத்தில் உன் மாமன் படிப்பது நம் குடும்பத்துக்கு அழகல்ல. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள், முடிந்தால் வியாழக்கிழமையே, அமுக்கிவிடு.

நீயும் மாப்பிள்ளையும் நினைத்ததெல்லாம் கைகூடி, கைகூடியதெல்லாம் நிலைத்து, எந்த மாடியிலும் நடுவில் நிற்காமல் மேலே மேலே போக என் மனமார்ந்த ஆசிகள். உன் அத்தையின் ஆசிகளையும் நானே போட்டுவிடுகிறேன், அவளிடம் இதைக் காட்டவில்லை.

இப்படிக்கு,
உன் நலம் ஒன்றையே நினைத்திருக்கும் தாய்மாமன்

பின்குறிப்பு: இன்று வியாழன் மதியம். செவ்வாயன்று எழுதிய இந்தக் கடிதம் ரெண்டு நாளாக என் சட்டைப் பையிலேயே இருந்தது. கிழித்துப் போடலாம்தான், எழுதிய கை வலி இன்னும் போகவில்லை.

அந்தப் படுபாவி நான்தான். திங்கட்கிழமை காலையில் கைக்கு ஏதாவது வேலை கொடுத்தால் மனசு அடங்கும் என்று லிப்டின் அந்தக் கடகட சத்தத்தைப் பார்க்கப் போனேன். பழக்கத்தில் பியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டேன். மணி பார்த்தேன், பரீட்சை ஞாபகம் வந்தது, அப்படியே படியேறிவிட்டேன். குரல் கொடுக்கவில்லை, கண்ணு. ஒரு தடவைகூட. அறையில் பேனாவுக்காகப் பையில் கை விட்டபோதுதான் பியூஸ் கையில் பட்டது. அப்புறம்தான் நான் எழுந்த அந்த எழுச்சி. அறுபது பேரில் அன்று வந்திருந்தது நாற்பத்தொன்று, என் பின்னால் வந்தது ஹெட்போன் மட்டும். கைதட்டியதும் அதுதான்.

நேற்று விடைத்தாள் வந்தது. இருபதுக்கு ஏழு. தேற எட்டு வேண்டும். லிப்டின் கம்பி அறுந்தால் உள்ளே எடைக்கருவி மேல் நிற்கும் எழுபது கிலோ மனிதரின் எடையைக் கருவி எவ்வளவு காட்டும் என்று ஒரு கேள்வி. கவ்வி தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும், ஆகவே எழுபது, பயத்தில் போன வேர்வையைக் கழித்தால் அறுபத்தொன்பதே முக்கால், மேலும் லிப்டுக்குள் எடைக்கருவி வைக்க அனுமதி கொடுத்தது யார் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். சரியான விடை பூஜ்யமாம். எனக்குக் கிடைத்ததும் அதுவே.

டீச்சரம்மா கூப்பிட்டு உட்கார வைத்தார். "கீழ விழறப்போ கருவியும் உங்களோட சேர்ந்து அதே வேகத்துல விழுதுங்கய்யா. அப்புறம் எதை அழுத்துவீங்க?" என்றார். லிப்ட் இறங்க ஆரம்பிக்கும்போது கால் லேசாகி வயிறு காலியாகுமே, இருபத்தொன்பது வருஷம் தினமும் எனக்கு ஆகியிருக்கிறது, அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, கண்ணு. உட்கார்ந்தபடியே காலைத் தரையில் அழுத்திப் பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டே அவர், "பரீட்சைக்கு வர்றவங்க பையில பேனா இருக்கும். உங்க பையில மட்டும் எப்படிய்யா பியூஸ் இருந்துச்சு?" என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்" என்றார். "ஆபீஸ்லயும் போய்ச் சொல்லிடுங்க. திங்கட்கிழமை வகுப்புல லிப்ட் ஏன் விழாதுன்னு நீங்க சொல்லுங்க. விழுந்தா ஏன் பூஜ்யம்னு நான் சொல்றேன்."

அலுவலகத்தில் எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே ஒரு தாளை எடுத்தார். அதில் ஊழியர், வெளியாள், மாணவர் என்று மூன்று கட்டம். நான் சொன்னதைக் கேட்டார், அட்டையை வாங்கிப் பார்த்தார், 'மாணவர்' கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். தொப்பியைப் பற்றிக் கேட்கவில்லை. லிப்ட் வலது பக்கம் என்றும் சொல்லவில்லை. இன்று காலை முதல் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். என் பெயருக்கு எதிரே 'மாணவர்' என்று அச்சில் வந்த முதல் காகிதம். உன் அத்தை அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

ஆகவே மேலே எழுதியதில் என் முழங்காலைத் தவிர வேறெதையும் நம்பாதே. பொத்தான் பக்கமே போகாதே. இதை இன்று போட்டால் உனக்குச் சனிக்கிழமைதான் கிடைக்கும் என்று தபால்காரர் சொல்கிறார், அதனால் நீ போயிருக்கவும் முடியாது. இதை உன் அத்தையிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே, "நிஜமாவே விலகணும்னு இருந்திருந்தா நீங்க போன் பண்ணியிருப்பீங்க" என்றாள்.