மறக்கக் கூடாத பாஸ்வேர்டு

"மாஸ்டர் பாஸ்வேர்டு இன்னா நைனா, சொல்லு," என்றார் அரசப்பன்.

பாஸ்வேர்டு நியாஸின் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் வேலை போய்விடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் போல்ட்டும் நட்டும் செய்கிற அந்தக் கம்பெனிக்கு அரசப்பன் முதலாளி. கணக்கு, வரி, வங்கி, லாரி எல்லாம் பார்க்கிற ஒரே ஆள் நியாஸ். ஆபீஸில் இருந்த பழைய கம்ப்யூட்டர் காலையிலிருந்து கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, ஒரு தடவை அணைந்தால் மறுபடி எழுந்திருக்காது என்று சொல்லிவிட்டார், பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் குணசுந்தரி. கம்பெனியின் எல்லா பாஸ்வேர்டும் அதற்குள் ஒரு சாஃப்ட்வேரில் பூட்டிக் கிடந்தன. மாஸ்டர் பாஸ்வேர்டு போட்டுத் திறந்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, புதுக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதுவும் கரன்ட் போவதற்குள். 2008-ல் அந்த ஊரில் நேரம் தவறாமல் வந்தது மின்வெட்டு ஒன்றுதான்.

அந்த சாஃப்ட்வேரை வாங்கிப் போட்ட அன்றே அரசப்பன் சட்டம் போட்டிருந்தார். "பாஸ்வேர்டு நீளமா இருக்கணும். எவனுக்கும் தோணக் கூடாது. நீ மட்டும் சாவுற வரிக்கும் மறக்கக் கூடாது."

சாகும்வரை மறக்காதது பட்ட அவமானம்தான் என்று நியாஸுக்குத் தெரியும். அதற்கு அந்தக் கம்பெனியில் பஞ்சமே கிடையாது. லாரி பஞ்சரானால் நியாஸுக்குத் திட்டு. மழை பெய்தால் நியாஸுக்குத் திட்டு. பெருநாள் தொழுகை முடித்து பிரியாணியில் கை வைத்தவனை போன் போட்டு வரவழைத்து ஸ்டாக் எண்ண வைத்த மகானுபாவர் அரசப்பன். திருப்பித் திட்ட முடியாதவன் என்ன செய்வான்? "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்து ஒவ்வொரு பாஸ்வேர்டிலும் திட்டினான். ஆங்கில எழுத்தில் அடித்த அசல் தமிழ். மாஸ்டர் பாஸ்வேர்டு, 'அரசப்பன் ஒரு சிடுமூஞ்சிக் கழுதை.'

இது தப்பு என்று யாராவது சொன்னால், அரசப்பனிடம் ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

"இன்னாடா முழிக்கிற?"

"மறந்துட்டேன் சார்."

"மறந்துட்டியா? சோறு துன்ன மறக்கிறியா? சம்பளம் வாங்க மறக்கிறியா?" அரசப்பன் மேஜையைக் குத்தினார். "இவன் கெடக்கறான். நீ என் பேரப் போட்டுப் பாரும்மா. விசுவாசத்துல வெச்சிருப்பான்."

கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குணசுந்தரி 'அரசப்பன்' என்று அடித்தார். திறக்கவில்லை.

"பின்னால 'சார்' சேத்துப் பாரு."

திறக்கவில்லை.

"'அய்யா'ன்னு வெச்சிருப்பான். போடு."

முதல் பாதியை மனுஷன் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார், மீதிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"சார், இன்னும் ஒரே தபா தப்பாப் போட்டா பூட்டிக்கும். அப்புறம் யாராலயும் தொறக்க முடியாது," என்றார் குணசுந்தரி.

"ஞாபகம் வந்துட்ச்சு சார்!" என்று நியாஸ் அலறினான். "நீங்க கொஞ்சம் வெளிய நின்னீங்கன்னா..."

"என் கம்பெனி பாஸ்வேர்டு. என்னையே வெளிய போச் சொல்றியா?" அரசப்பன் நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நியாஸ் அடித்தான். திரையில் வெறும் புள்ளிகளாக வந்தன. அந்தப் புள்ளிகளுக்குக் கோடி கும்பிடு.

"இன்னாடா இது, போய்க்கினே இருக்கு?"

"நீங்கதான சார் நீளமா வெக்கச் சொன்னீங்க."

திறந்துவிட்டது. குணசுந்தரி பென் டிரைவைச் செருகி, எல்லாவற்றையும் அதில் இறக்கினார்.

"வந்துட்ச்சு சார். இதுல பூட்டெல்லாம் கிடையாது, எல்லாம் வெறும் எழுத்தா கீது. தொறந்து ஒருவாட்டி பாத்துக்கலாம்."

"வேணாங்க்கா!" நியாஸ் எழுந்தே விட்டான். "அப்டியே புதுசுல ஏத்திடுங்க."

"பாக்காம எப்டி தம்பி? பாதி வராம இருந்தா?"

"வேணான்னா வேணாம்!"

ஐந்து வருஷத்தில் நியாஸ் குரலை உயர்த்தியது அன்றுதான். அரசப்பனின் கண்கள் சுருங்கின.

"இன்னாத்தடா மறைக்கிற? கம்பெனி டப்பு எதுனா அடிச்சிட்டியா? பிரிண்ட் எடும்மா. ஒண்ணு விடாம நான் பாக்கணும்."

நியாஸ் பிரிண்டரின் வயரைப் பிடுங்கப் பாய்ந்தான். பதற்றத்தில் அவன் பிடுங்கியது கம்ப்யூட்டரின் வயர். கடகட சத்தம் நின்றது. திரை கறுத்தது.

"அய்யோ! செத்துட்ச்சே!" என்று கத்தினார் குணசுந்தரி.

இப்போது கம்பெனியின் பாஸ்வேர்டுகள் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தன, அந்த பென் டிரைவில். நியாஸ் அதைப் பிடுங்கிக் கையில் இறுக்கிக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே போல்ட்டின் துருவை எடுக்கும் ஆசிட் தொட்டி. வீசினால் தீர்ந்தது. ஆனால் நாளை சம்பளம் போட வேண்டும், ஷெட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும். பக்கத்து ஷெட்டுகளில் பூட்டுத் தொங்கும் வருஷம் இது, வேறு வேலையும் கிடைக்காது. வீட்டில் பர்ஹானாவுக்கு ஏழாம் மாதம்.

"குடுறா அத! திருட்டுப் பயலே!"

அந்த ஒரு வார்த்தையை அரசப்பன் சொல்லியிருக்கக் கூடாது. கழுதை என்று திட்டியிருந்தால்கூட 'சரி சார்' என்றிருப்பான். ஒரு ரூபாய் தொடாதவனைத் திருடன் என்றால் பொறுக்குமா? நியாஸுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பென் டிரைவை மேஜையில் ஓங்கி அடித்து வைத்தான்.

"யாரு சார் திருடன்? இந்தாங்க, படிங்க. ஒண்ணு விடாம படிங்க. உங்களாண்ட வேல செய்யறது எவ்ளோ பேஜாருன்னு அதுல கீது!"

அரசப்பன் தன் லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகினார். ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

"பேங்கு... 'பெருநாளிலும் விடாத பாவி.' வரி... 'கத்தாதே காது போச்சு.' டெண்டர்... 'வாயா அது லாரி ஹாரனா.'"

மெயிலுக்கும் அதே கழுதையைத்தான் வைத்திருந்தான் நியாஸ். அதற்கு வந்தபோது மட்டும் குரல் நின்றது. மீதியை மனதுக்குள் படித்தார். கடைசி வரை இறக்கினார். இன்னும் இருக்கிறதா என்று இன்னொரு தடவை இறக்கிப் பார்த்தார்.

"இவ்ளோதானா?" என்றார்.

சன்னமாகக் கேட்டார். அவர் சன்னமாகப் பேசி நியாஸ் கேட்டதே இல்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இவ்ளோதான் சார்."

அரசப்பன் பென் டிரைவை உருவி குணசுந்தரியிடம் கொடுத்தார். "ஏத்தும்மா," என்றார். லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நியாஸ் டிபன் பாக்ஸைப் பையில் திணித்தான். திருடனாம். போகட்டும், இந்த வேலையும் வேண்டாம், இந்த மூஞ்சியும் வேண்டாம். பர்ஹானாவிடம் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

"எங்க தம்பி பொறப்பட்ட?" என்றார் குணசுந்தரி, புதுக் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஊட்டுக்குத்தான். 'இவ்ளோதானா'ன்னு கேட்டாரே, பாத்தீங்கல்ல? உள்ள போய் போலீசுக்கு போன் போட்டுக்கினு இருப்பாரு."

குணசுந்தரி மூடிய கதவைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"உக்காரு தம்பி. காலைல மொதல்ல அவரு லேப்டாப்ல அவரே வெச்சிருந்த சொந்த பாஸ்வேர்டத்தான் எடுத்தேன். அதுல அந்த மனுசன் தன்னத்தானே திட்டி வெச்சிக்கீறதப் பாத்தா, நீ இன்னமோ அவர உக்கார வெச்சிக் கொஞ்சனா மாதிரி கீது."