கார்னேசனுக்குக் கள்ளு

கேதீஸ்வரியின் முழுச் சம்மதத்தோடு கள்ளுக் குடிப்பது என்று நான் முடிவெடுத்தேன். என் கலியாண வாழ்க்கையிலேயே இவ்வளவு பெரிய முடிவை நான் தனியாக எடுத்ததில்லை.

நாலு வருஷமாக எங்கள் வீட்டில் கள்ளுக்குத் தடை. மைத்துனனின் கலியாணத்தன்று நான் மணவறையில் ஏறி மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தேனாம். மணப்பொம்பிளை வந்தும் எழும்பவில்லையாம். எனக்கு ஞாபகமில்லை. கேதீஸ்வரிக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

அச்சுவேலியில் எங்கள் வீட்டு வளவுக்குள் ஒரு பசுமைக்கூடம் நிற்கிறது. பொலித்தீன் கூரை, நாலு பாத்தி, அவ்வளவும் கார்னேசன். முதலாளி கேதீஸ்வரி. தொழிலாளியும் அவளே. நான் ஆலோசகர், அதாவது கதிரையில் சாய்ந்து இருப்பவன். இந்த முறை பூ தேறவில்லை. குருநகரில் தேவாலயம் சோடிக்கிற றெஜினா அக்கா, வரப்போகிற அந்தோனியார் திருநாளுக்குப் பூப் பார்க்க வந்து ஒரு மொட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"உந்தப் பூவை வைச்சால் அந்தோனியார் கண்ணாடி போட்டுத்தான் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேதீஸ்வரியின் முகம் விழுந்துபோனது. எனக்கு மூளை திறந்தது.

"இஞ்சேரும், வெளிநாட்டிலை கார்னேசனுக்கு பியர் ஊத்துறாங்கள். வீடியோவிலை பாத்தனான்."

"பியரோ?"

"ஓம். புளிச்ச சாமான் வேருக்கு நல்லதாம். எங்கடை வெக்கைக்குப் பியர் சரிவராது. பனங்கள்ளுத்தான் தோது."

அவளுடைய கை விளக்குமாற்றுக்குப் போகும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை.

"எவ்வளவு வேணும்?"

"ஒவ்வொரு நாளும் விடிய ரெண்டு போத்தல்."

"வாங்குங்கோ. ஆனால் ஒரு பாத்திக்குத்தான். மற்ற மூண்டுக்கும் நான் வெறுந்தண்ணி விடுறன். திருநாளுக்கு எது நல்லாப் பூக்குதெண்டு பாப்பம். கள்ளுப் பாத்தி தோத்தால், செத்தாலும் கள்ளெண்ட கதை இந்த வீட்டிலை எடுக்கக்கூடாது."

அடுத்த நாள் கள்ளுத் தவறணைக்காரன் என்னைக் கண்டு கண் கலங்கினான். நான் இரண்டு போத்தலோடு பசுமைக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஏனப்பா கதவைச் சாத்துறியள்?"

"கார்னேசன் கூச்ச சுபாவம். ஆக்கள் பாத்தால் குடிக்காது."

கூச்சமில்லாமல் நானே குடித்தேன். இரண்டாவது போத்தலின் அடியில்தான் பயம் பிடித்தது. குடிப்பது நான், கொழுக்கவேண்டியது பூ. பாத்தி தோற்றால் என் கதை முடிந்தது.

அதனால் வேலை செய்தேன். வேலை! விவசாயப் போதனாசிரியர் கேதீஸ்வரிக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் கதிரையில் இருந்த என் காதிலும் விழுந்திருந்தது. வெயில் ஏறமுதல், இலை நனையாமல், வேரில் கொஞ்சங் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டேன். கிழமைக்கு ஒருக்கால் அளந்து பொட்டாஷ் உரம் போட்டேன். பக்க மொட்டெல்லாம் கிள்ளி, தண்டுக்கு ஒரு தலை மொட்டை மட்டும் விட்டேன். குனிந்து குனிந்து இடுப்பு நாரி விட்டுப்போனது. நாரிக்கும் மருந்து கையில் இருந்ததால் சமாளித்தேன்.

"உங்கடை வாய் ஏனப்பா மணக்குது?"

"குனிஞ்சு வேரிலை ஊத்துறன் எல்லே. ஆவி அடிக்குது."

"ஓமோம். ஆவி அடிச்சால் நடையும் கோணும்."

திருநாளுக்கு றெஜினா அக்கா வந்தார். என் பாத்தியில் ஒவ்வொரு பூவும் பொத்திய கையளவு. தண்டு ஈர்க்குப்போல நேர். மற்ற மூன்று பாத்தியையும் அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"எப்பிடியடி கேதீஸ் இப்பிடி?"

"எல்லாம் இவற்ரை கைராசி அக்கா" என்றாள் கேதீஸ்வரி. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அக்கா போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"நான் தோத்துப்போனன். நாளையிலையிருந்து நாலு பாத்திக்கும் கள்ளு."

நாலு பாத்தி. எட்டுப் போத்தல்! கட்டினவளை இவ்வளவு நாளும் பிழையாக நினைத்துவிட்டேனே என்று உருகிப்போனேன்.

"நாலையும் நீங்களே பாருங்கோ. அந்தப் பாத்தியைப் பாத்த மாதிரியே தண்ணி, பொட்டாஷ், மொட்டுக் கிள்ளுறது எல்லாம். கள்ளை மட்டும் நான் வாங்கி நானே ஊத்துறன். எட்டுப் போத்தல் தூக்கி உங்கடை நாரி முறியக்கூடாது பாருங்கோ."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால், இதுவரை கள்ளு எங்கே போனது என்று சொல்லவேண்டும்.

மறுநாள் விடிய மூன்று பாத்தி முடித்து நாலாவதில் குனிந்து நின்றேன். கேதீஸ்வரி வெள்ளை வெளேரென்ற போத்தல்களை வரிசையாக வைத்து, ஒன்றொன்றாக வேரில் கவிழ்த்தாள். பார்க்க வயிறு எரிந்தது. அவளுக்குப் போன் வந்தது. கதையோடு கதையாக வாசல் பக்கம் போனாள். பாய்ந்து ஒரு போத்தலைத் தூக்கி, மூச்சு விடாமல் அண்ணாந்தேன்.

அரிசி கழுவின தண்ணீர். கூடவே மீன் கழுவின தண்ணீரும்.

"கார்னேசன் ஒருநாளும் இப்பிடி முகம் சுளிச்சதில்லையப்பா" என்று வாசலில் குரல் கேட்டது.