பதினொரு முத்திரையும் என் ஒரு முத்திரையும்

அன்புத் தங்கை தோக்கியேவுக்கு அக்கா ஹத்சுயே எழுதுவது. பிளம் பூத்தும் குளிர் விடவில்லை. உன் முழங்கால் எப்படி? என்னுடையது அப்படியேதான்.

முதலில் நம் பிள்ளைகள் சமாச்சாரம். பேரன் கெய்த்தா ரயில் ஓட்டுகிறான், ஒரு நிமிஷம் பிந்தியதில்லை. சின்னவள் நவோ நீச்சலில் மாவட்டத்திலேயே மூன்றாவது (நான்கு பேர்தான் நீந்தினார்கள், யாரிடமும் சொல்லாதே). நடுப் பேத்தி மிசுஹோ பல்கலைக்கழக ஆபீசில் சேர்ந்து ரெண்டே வருஷம், எங்கே செலவைக் குறைக்கலாம் என்று கண்டுபிடிக்கிற வேலையையே அவளிடம் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி!

அதில்தான் வம்பு. மாணவர்கள் குறைந்துவிட்டார்களாம், வேறு சிக்கனம் கிடைக்காவிட்டால் மருத்துவ அறை நர்ஸ் செரிசாவாவை மார்ச்சோடு அனுப்பிவிடுவார்களாம். வீட்டை விட்டு வந்து காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறவள், அவளையா! மிசுஹோ பார்த்தாள், ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கக்கூட காகிதம் பதினொரு மேசை ஏறி பதினொரு பேருடைய பெயர் முத்திரை வாங்குகிறது, அந்த அலைச்சலுக்கே தினமும் ஓவர்டைம் சம்பளம் போகிறது. இனி ரெண்டு முத்திரை போதும் என்று எழுதினாள். அந்தக் காகிதத்துக்கும் பதினொன்று வேணுமே! தன்னுடையதோடு சேர்த்துப் பத்து வாங்கிவிட்டாள். பதினொன்றாவது, அவள் மேலதிகாரி குராமோச்சி, திருப்பிக் கொடுத்துவிட்டார். "உன் முத்திரை நிமிர்ந்து நிக்குதேம்மா. என் கட்டத்தைப் பார்த்து இடது பக்கம் சாயணும், அதுதானே மரியாதை." புதுக் காகிதத்தில் சாய்த்துக் குத்தி, மறுபடி மற்ற ஒன்பது பேரிடமும் வாங்கிப் போனால், "இன்னும் கொஞ்சம் குனியட்டும்" என்கிறார். வெள்ளிக்கிழமை கெடு, புதன்கிழமை வீட்டில் உட்கார்ந்து அழுகிறாள்.

நான் யார் விஷயத்திலும் தலையிடுகிறவள் இல்லை, உனக்கே தெரியும். ஊறுகாய் முள்ளங்கி கொடுக்கத்தான் வியாழக்கிழமை அவர் ஆபீசுக்குப் போனேன். போன இடத்தில் கேட்டேன்: "ஏங்கய்யா, எங்க பொண்ணு இன்னும் எவ்வளவுதான் குனியணும்?"

மனுஷன் முகம் தொங்கிப்போச்சு. "அம்மா, முப்பது வருஷமா எல்லாருக்கும் குனிஞ்சே முத்திரை குத்தினேன். இப்பத்தான் எனக்குக் குனிய நாலு பேர் வந்திருக்காங்க. அதுக்குள்ள முத்திரையே வேணாங்கறா உங்க பேத்தி."

எனக்கே பாவமாப் போச்சுடி. தபால் ஆபீசில் பணம் எடுக்க வைத்திருக்கிற என் பெயர் முத்திரையைக் கைப்பையிலிருந்து எடுத்து, மேசையில் கிடந்த காகிதத்தில் அவர் கட்டத்துக்குப் பக்கத்தில் படுத்தே கிடக்கிற மாதிரி குத்தினேன். "இந்தாங்க, எழுபத்தெட்டு வயசுக் கிழவி விழுந்தே கும்பிட்டாச்சு. போதுமா?" சிரித்துவிட்டார். சிரித்தபடியே தன் முத்திரையைத் தலைகீழாகக் குத்தினார். மனசில்லை, ஆனாலும் சம்மதம் என்று அர்த்தம். செரிசாவா பிழைத்தாள்! தெரு முழுக்கச் சிவப்புப் பயறுச் சோறு கொடுத்தேன்.

உன் வீட்டார் எல்லாரும் சளி பிடிக்காமல் நன்றாக இருக்கட்டும்.

உன் அக்கா
ஹத்சுயே

பி.கு.: கவரை ஒட்டும்போது மிசுஹோ வந்து நிற்கிறாள். காகிதத்தில் பன்னிரண்டாவதாக யாரோ தெரியாத அதிகாரியின் முத்திரை இருந்ததாம், அதனால் செல்லாதாம். கொடுத்த சோற்றைத் திருப்பிக் கேட்க முடியுமா? ஆனால் குராமோச்சியே புதுக் காகிதம் எழுதி, மேசை மேசையாக நடந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டாராம். நகலைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை எங்கள் பெண்ணுடைய முத்திரை நேராக நிற்கிறது, அவருடையதுதான் அதைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. உன் பேரன் படம் புதுசாக ஒன்று தபாலில் அனுப்பு. பழையதில் குனிந்து வணங்குகிறான், உச்சந்தலைதான் தெரிகிறது. நிமிர்ந்து நிற்கிற மாதிரி எடுத்து அனுப்பு.