திராமன் நகரத்துச் சம்பந்திக்குக் கூறைச்சேலை பற்றி ஒரு விளக்கம்

மோர்டென்ஸ்ருட்,
ஒஸ்லோ.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி மகேசன் அவர்களுக்கு,

நானும் கமலாதேவியும், உங்கள் வருங்கால மருமகன் சயூரனும் நல்ல சுகம். நீங்களும் இந்திராவும் பிள்ளை மிதுனாவும் அவ்வாறே இருக்க நயினை அம்மாளை வேண்டுகிறேன். கோலாலம்பூரிலிருந்து வந்திறங்கிய நாள் முதல் உங்களுக்கு அழைப்பெடுக்கிறேன், நீங்கள் எடுக்கிறீர்கள் இல்லை. வாட்ஸப்பில் அனுப்பிய வணக்கமும் ஒற்றைக் குறியோடு நிற்கிறது. என்னைத் தடை செய்துவிட்டீர்கள் என்று விளங்கிக்கொண்டேன். காரணமும் தெரியும். உங்கள் முன்வீட்டுக் கரோலினா சொல்லியிருப்பா. அவ சொன்னது உண்மைதான்; ஆனால் நடந்தது அதுவல்ல. ஆகவே முழுவதையும் எழுதுகிறேன், பொறுமையாக வாசிக்கவும்.

கூறை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. இங்கேயே ஒஸ்லோவில், குறொன்லாண்டுக் கடைத்தெருவில் எடுப்போம் என்று நான் சொன்னேன். "குறொன்லாண்டிலை எடுத்தால் தூரத்திலை நிண்டே சனம் விலை சொல்லும்" என்றாள் கமலாதேவி. ஒருவருக்கும் விலை தெரியாத ஊரில் வாங்குவதற்காகவே கோலாலம்பூருக்குப் பறந்தோம். முதலில் ஒரு மாலுக்குள் போனோம். உள்ளே றோலர் கோஸ்டர் ஓடுகிறது. மனிதர்கள் கத்திக்கொண்டு தலைக்கு மேலால் போக, கீழே சனம் நிம்மதியாக நூடில்ஸ் சாப்பிடுகிறது. வெளியே தார் உருகும் வெயில், உள்ளே எங்கள் நவம்பர் மாதம். ஒஸ்லோவில் இருக்கிற அதே கடைகள், அதே சட்டைகள். கமலாதேவிக்குக் குளிர் தாங்கவில்லை. அங்கேயே ஒரு கம்பளிச் சுவெட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டாள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் போய்க் கம்பளி வாங்கியவள் என்று நான் சொன்னதற்கு, பின்னேரம் வரை என்னோடு கதைக்கவில்லை.

மாலில் பேரம் பேச இயலாது என்று கண்டு தெருச் சந்தையில் இறங்கினோம். ஒஸ்லோவில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவன் நான், விலையைக் குறை என்று யாரையும் கேட்டதில்லை. கொத்தமல்லிக் கட்டோடு இரண்டு பச்சைமிளகாய் சும்மா கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். பயணப்பெட்டிக் கடையில் ஒரு சீனக் கிழவர் இருந்தார். ஒஸ்லோ ரெயினில் முன் இருக்கைக்காரரின் மூக்கைப் பற்றித் தமிழில் சத்தமாகக் கதைத்துப் பழகிய வாய் அல்லவா எங்களுடையது? கமலாதேவி தொடங்கினாள்: "இஞ்சேருங்கோ, இந்த மனுசன்ரை மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, ஒரு சதமும் குறைக்காது."

கிழவர் கல்குலேட்டரைக் கீழே வைத்தார். "மூஞ்சி அப்பிடித்தாம்மா, பொறந்ததுலேருந்து. வெலை கொறைச்சுக்கலாம் லா" என்றார், சுத்தமான தமிழில்.

வெட்கத்தில் கேட்ட விலையையே கொடுத்துவிட்டு ஓடிவந்தோம். அந்த ஊரில் தமிழ் இரகசிய மொழி அல்ல என்று அன்று தெரிந்தது. அதனால் இனிமேல் கடைக்குள் எங்கள் இருவருக்குள்ளும் நோர்வேஜிய மொழி மட்டுமே என்று முடிவெடுத்தோம். 'வீட்டில் தமிழ் மட்டும்' என்று குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டிப் பிள்ளைகளை வதைத்தவர்கள் நாங்கள். ஆனால் கமலாதேவி அந்த மொழியைப் படித்தது முதியோர் இல்லத்தில் வேலை செய்து. நான் படித்தது பஸ்ஸில். சேலைக் கடையில் அவள் முந்தானையைத் தூக்கி, "இவருக்குக் காய்ச்சல் கூட" என்றால் விலை அதிகம் என்று பொருள். "மெதுவாகத் திருப்பிப் படுக்கவைப்போமா?" என்றால் பின்பக்கத்தில் பழுது இருக்கிறதா பார்க்க வேண்டும். நான், "அடுத்த தரிப்பில் இறங்குவோம்" என்றால் வேறு கடைக்குப் போவோம். அருமையாக வேலை செய்தது, சம்பந்தி. கடைப்பெண் எங்களைப் பரிதாபமாகப் பார்த்து இரண்டு தரம் விலை குறைத்தாள்.

அப்போதுதான் இரண்டு கூறைகள் விரிந்தன. ஒன்று அசல் பட்டு. மற்றது பார்வைக்கு அதன் இரட்டைப் பிள்ளை, தொட்டால் மழைக்கோட்டு. கமலாதேவி பட்டில் நின்றாள். நான் நோர்வேஜிய மொழியில் ஒரு வசனம் சொன்னேன். அதைத்தான் கரோலினா உங்களிடம் சொல்லியிருப்பா: "திராமன்காரருக்குப் பட்டும் பொலியெஸ்டரும் தெரியாது, வடை சூடாக இருந்தால் மகேசன் சேலையை நிமிர்ந்தும் பார்க்கமாட்டார்."

கழுத்துத் துணி பார்த்துக்கொண்டு நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண் திரும்பி, அதே நோர்வேஜிய மொழியில் கேட்டா: "திராமனா? நானும் திராமன்தான்! எந்த மகேசன்? எனக்கு மிளகாய்க் கன்று தந்த மகேசனா?"

சம்பந்தி, இத்தனை கோடி சனம் உள்ள உலகத்தில் உங்கள் முன்வீட்டுக்காரிக்குத் துணி பார்க்க வேறு கடை கிடைக்கவில்லை. கமலாதேவி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "அந்தம்மா என்னண்ணே சொல்றாங்க?" என்று கடைப்பெண் கேட்டாள். கமலாதேவி எல்லாவற்றையும் தமிழில் விளக்கமாகச் சொன்னாள், காய்ச்சல் உட்பட. கடைப்பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, குறைத்த விலையை மறுபடி ஏற்றினாள். கரோலினா பக்கத்தில் நின்று புன்னகைக்க, அசல் பட்டை ஏற்றிய விலைக்கே வாங்கினேன். "மகேசனுக்குக் கட்டாயம் சொல்கிறேன்" என்று கைகொடுத்துவிட்டுப் போனா.

இப்போது என் விளக்கம். 'இல்லை' என்று சொல்ல நோர்வேக்காரர் 'இக்கெ' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள் அல்லவா? அதை எங்கே வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திராமன்காரருக்குப் பட்டு நன்றாகத் தெரியும் என்றுதான் சொல்ல வந்தேன். 'இக்கெ' தானாக நடுவில் ஏறிவிட்டது. வடையைப் பற்றிச் சொன்னது பாராட்டு. ஒரு 'இக்கெ'க்காகப் பிள்ளைகளின் கல்யாணம் நிற்கக் கூடாது. சயூரன் ஒன்றும் அறியான். மிதுனா எங்கள் வீட்டுக்கு வரும் நாளை நாங்கள் எவ்வளவு ஆசையோடு பார்த்திருக்கிறோம் என்று சொல்ல எனக்கு எந்த மொழியும் காணாது.

இந்திராவுக்கு எங்கள் அன்பு. பிள்ளை மிதுனாவுக்கு ஆசீர்வாதம்.

உங்கள் மேல் என்றும் மதிப்புக் குறையாத,
இரத்தினவேல்

பி.கு.: கடித உறையை மூடி முத்திரையும் ஒட்டியபின் கமலாதேவி வந்து சொல்கிறாள்: இந்திராவோடு இப்போதுதான் கதைத்தாளாம். நீங்கள் மீன்பிடிக்கப் போய்த் தொலைபேசியை ஆற்றுக்குள் விட்டுவிட்டீர்களாம். கரோலினா இன்னும் ஊர் திரும்பவில்லையாம்; அங்கிருந்து வியட்நாமுக்குப் போய்விட்டாவாம். உங்களுக்கு என்னில் கோபமே இல்லையாம், சேலை எப்படி என்று ஆசையாகக் கேட்டீர்களாம். முத்திரை விற்கிற விலையில் இதை வீசவும் மனமில்லை. ஆகவே இந்தக் குறிப்பை உறையின் பின்பக்கத்தில் எழுதி அனுப்புகிறேன். கடிதம் கிடைத்ததும், உறையைப் பிரிக்காமல், கிடைத்தது என்று மட்டும் அறியத்தரவும்.