ரிஜெக்ட் நம்பர் முப்பத்தேழு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் எட்வர்ட் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரு நாளைக்கு நானூறு வால்வு பார்ப்பார். நாற்பதில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, "ரிஜெக்ட்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அப்போது அவர் முகத்தில் வரும் களையைக் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்க்க முடியாது. பாவி மனுஷன், அந்த ஸ்டிக்கர் கட்டை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

அவருக்கு ஒரு லட்சியம். தன் பேரில் உலகத்தில் ஒரு குடுவைச் செடி இருக்க வேண்டும். இலை நுனியில் மூடி போட்ட குடுவை தொங்குமே, உள்ளே விழுந்த பூச்சியை ஊறவைத்துச் சாப்பிடுமே, அந்தச் செடிதான். ஆண் ஒன்று, பெண் ஒன்று வாங்கி, பெயின்ட் பிரஷ்ஷால் மகரந்தம் தடவிக் கல்யாணமும் செய்துவைத்தார். விதை முளைத்து அறுபது கன்று வந்தது. அதில் ரத்தச் சிவப்பாக ஒன்று தேறினால் போதும், பேர் "எட்வர்ட் ராஜா". மூன்றாம் வருஷக் கண்காட்சிக்குக் கொண்டுவருவதாகப் பொன்னேரி செடிப் பிரியர்கள் சங்கத்தில் சவால் விட்டுவிட்டார்.

மொட்டை மாடி முழுக்கச் செடி. பெண்டாட்டி ஏஞ்சலினுக்குக் கொடி கட்ட ஒரு முழம் இடமில்லை.

"இன்னாங்க, ஈரத் துணிய என் தலையிலயா காயப்போடறது?"

"கண்காட்சி முடியட்டும்டி."

"பரிசு உங்களுக்கு வரலன்னா?"

"மாடி மொத்தமும் உனக்கு! துணிகூட நானே காயப்போடறேன்."

"ஃபாதர் முன்னாடி சொல்லுவீங்களா?"

சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலிலேயே நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

முதல் வருஷ முடிவில் தேர்வு நடந்தது. கன்றுகளை வரிசையாக வைத்து, டார்ச் அடித்து, குனிந்து நிமிர்ந்து பார்த்தார். லேசாகச் சிவந்த பன்னிரண்டு பாஸ். பச்சையாக நின்ற நாற்பத்தெட்டுக்கும் சிவப்பு ஸ்டிக்கர், நம்பர், கையெழுத்து.

"இத்தையெல்லாம் குப்பை வண்டியில போட்டுடு."

"கொயந்தைங்க மாதிரி கீதுங்களே! வளந்தாதானே கலர் தெரியும்?"

"பதினெட்டு வருஷமா இன்ஸ்பெக்ஷன் பாக்குறேன். வால்வ வளத்துட்டா செக் பண்றோம்?"

"வால்வு வளராதுங்க."

"அதத்தான் நானும் சொல்றேன்!" என்றார். என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

அடுத்த வாரம் ஏஞ்சலின் பவ்வியமாக வந்து நின்றாள்.

"பக்கத்து ஊட்டு சிஃபாவும் குடுவைச் செடி வெச்சிக்கினு கீறா. செவப்பு ஏற இன்னா பண்ணணும்னு உங்கள கேக்கச் சொன்னா."

எட்வர்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "காலை வெயில் நல்லாப் படணும். போர் தண்ணி ஊத்துனா உப்புலயே செத்துடும், ஏசியில இருந்து சொட்டற தண்ணிய ஊத்தச் சொல்லு. உரம் மூச்!"

"அப்ப உங்களுதுக்கு எதுக்கு மூணு அடுக்கு நிழல் வலை?"

"அது ஸ்பெஷல் ஐட்டம்டி. வெயில் பட்டா வாடிடும்."

பாசம் கண்ணை மறைத்தது. வலைக்கு அடியில் பன்னிரண்டும் வருஷத்துக்கு வருஷம் வெளுத்துக்கொண்டே போயின. "ஹால் லைட்டுல செவப்பா தெரியும்" என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டு, இருந்ததில் சுமாரான ஒன்றைப் பொன்னேரிக்குத் தூக்கிப்போனார்.

அங்கே கூட்டம் முழுக்க வேறொரு மேஜையில். பழைய பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு செடி. மாதுளம்பழச் சிவப்பில் ஒன்பது குடுவை தொங்க, முதல் பரிசு ரிப்பன் கட்டியிருந்தது. பக்கத்தில் பட்டுப் புடவையில் ஏஞ்சலின். டப்பாவில் வெளிறிப்போன ஸ்டிக்கர்: எட்வர்ட், ரிஜெக்ட், 37.

"இது... இது எங்கடி இருந்துச்சு?"

"நம்ம தண்ணி டேங்க் மேல. நாப்பத்தெட்டும் அங்கதான் கீது."

"நான் பாக்கலையே!"

"ஏணின்னா உங்களுக்குத் தல சுத்துமே." கம்பெனியில் உயரத்தில் வேலை செய்வது எப்படி என்று வகுப்பு எடுப்பவரும் இவர்தான்.

"அப்ப சிஃபாவோட செடி?"

"அவ ஊட்டுல கத்தாழதான் கீது."

எட்வர்ட் நடுவர் துளசிராமனிடம் ஓடினார். "சார், இது என் செடி! நான் கல்யாணம் பண்ணிவெச்சது!"

நடுவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டிக்கரைப் படித்தார். "வேணாம்னு கழிச்சுக் கையெழுத்து போட்டிருக்கீங்களே. இது உங்க கையெழுத்துதானே?"

இன்ஸ்பெக்டர் தன் கையெழுத்தையே இல்லை என்பாரா? நடுவர் ஏஞ்சலின் பக்கம் திரும்பினார்.

"புது ரகம். இன்னா பேரும்மா வெக்கறது?"

"ஊட்டுக்காரருக்கு ரொம்ப நாள் ஆசைங்க, தம் பேர்ல ஒரு செடி இருக்கணும்னு," என்றாள் ஏஞ்சலின். எட்வர்டுக்குக் கண் கலங்கியது. என்ன இருந்தாலும் பெண்டாட்டி பெண்டாட்டிதான் என்று உருகிப்போனார். அவள் டப்பாவைத் திருப்பிக் காட்டினாள். "டப்பாவுல எழுதியிருக்கறதையே வெச்சிடுங்க சார். நம்பர் மட்டும் வேணாம்."

இப்போது மாடி ஏறி வந்து யாராவது "எட்வர்ட் ரிஜெக்ட் எங்கங்க?" என்று கேட்டால், ஏஞ்சலின் செடியைக் காட்டுவதற்குள், கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் மனுஷன் திரும்பிப் பார்த்துவிடுகிறார்.