கவலைப்படத் தேவையில்லாத இனம்

இருட்டின பிறகு தெருக்கதவை யாரோ நகத்தால் சுரண்டுகிற சத்தம். பிறகு ஒரு தள்ளு. கதவு ஒரு சாண் திறந்தது. கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு கத்தினேன், எவனோ ஒருவன் ஓடினான். வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் நைட் ஷிப்ட்.

பெரிய காஞ்சிபுரத்துப் பழைய வீடு. குறுக்குக்கட்டையைச் சுவர் ஓட்டையில் சொருகினால்தான் கதவு நிற்கும். அந்த ஓட்டையில் குண்டுக்கரிச்சான் குருவி முட்டையிட்டிருந்தது. கான்வென்ட்டில் படித்த பாவம், எதையும் அனுமதி வாங்கித்தான் செய்வேன். விடிந்ததும் குழந்தையும் தூக்குவாளியுமாக பல்லுயிர்ப் பரிசீலனை அலுவலகத்துக்குப் போனேன்.

அதிகாரி ஆனந்தராஜ் கனமான புத்தகத்தைத் திறந்தார்.

“குண்டுக்கரிச்சான். வகுப்பு, பறவை. நல்லா பாடும். நிலை, கவலைப்படத் தேவையில்லை.”

“அப்போ கூட்டை எடுத்துடலாமா சார்?”

“தொட்டா கேஸ்மா. கவலை இல்லாட்டியும் பாதுகாப்பு உண்டு. தூக்குல என்ன, வாசனை வருது?”

“திருக்கைப் புட்டு சார். பால் சுரக்கும்னு மாமியார் ஊர்லேர்ந்து செஞ்சு அனுப்பினாங்க.” பாதியைக் காலையிலேயே சாப்பிட்டிருந்தேன். இங்கே காத்திருக்க வேண்டிவருமே என்று மீதியை எடுத்து வந்திருந்தேன்.

பக்கம் புரட்டினார். “திருக்கை. குருத்தெலும்பு மீன் வகுப்பு. பல வகை அழியிற நிலைமைல இருக்குது. மிகவும் கவலைக்குரியது.”

“மார்க்கெட்ல கூறு போட்டு விக்கிறாங்களே?”

“கடல் வேற இலாகாமா. எங்க கவலை கரையோட சரி.”

“நானும் குழந்தையும் சார்?”

மறுபடி புரட்டினார். “பாலூட்டி. கவலைப்படத் தேவையில்லை. எண்ணிக்கை ஏறிக்கினே போகுது.”

“ராத்திரி கதவைத் தள்ளினானே, அவன்?”

“அவனும் உங்க இனந்தான்மா. ஒரே இனத்துக்குள்ள நடக்கிறதுல இலாகா தலையிடாது.”

ஆனாலும் இரக்கமுள்ளவர். வெறுங்கையோடு அனுப்பவில்லை. பலகை ஒன்று கொடுத்தார்: ‘பாதுகாக்கப்பட்ட கூடு. இக்கதவைத் தாழிடுவது தண்டனைக்குரிய குற்றம்.’

“தெருவுல போறவங்க படிக்கிற மாதிரி மாட்டுங்க.”

“சார், திருடனும் படிப்பானே!”

“படிக்கட்டும்மா. விழிப்புணர்வு எல்லாருக்கும்தான்.”

நான் எழுந்தபோது தூக்கைப் பிடித்துக்கொண்டார். “அபாய நிலை உயிரினம். கண்ணுல பட்டப்புறம் வெளிய விட முடியாது. பறிமுதல்.”

பாதி அபாயம் ஏற்கெனவே என் வயிற்றில் இருந்தது. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பலகை என்று வராந்தாவுக்கு வந்தேன்.

“சாப்பாட்டு நேரம், யாரையும் விடாதீங்க” என்று பின்னால் ஆனந்தராஜின் குரல் கேட்டது. அவர் அறைக்கதவு உள்ளேயிருந்து தாழிடப்பட்டது. நல்ல உறுதியான தாழ்ப்பாள்.